மனாக்கின்: பழம் கொடுத்த ஓய்வு

மனாக்கின் பறவைகளைப் பற்றி இணையத்தில் எளிதாகக் கிடைப்பவை சில நொடிக் காணொளிகள்தாம். கால் அசைவதே தெரியாமல் கிளையின் மேல் பின்னோக்கி வழுக்கிச் செல்லும் செந்தலை மனாக்கினைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறோம். இக்குடும்பத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகு, ஆட்டத்தை விட அதற்கு முந்தைய ஒரு கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. இருபது கிராம்கூடத் தேறாத ஒரு சின்னப் பறவை, ஓயாமல் இரை தேடினால்தான் உயிர் தரிக்கும் என்று நாம் எண்ணும் அளவுக்குச் சிறிய ஒரு பறவை, பகலின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் ஆடியும் ஒலியெழுப்பியும் கழிக்கிறதே, அதற்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது? அது தின்னும் பழம்தான் அந்த நேரத்தைக் கொடுக்கிறது என்று பறவையியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். அந்த விடை சரியானதுதான். ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம்.

மனாக்கின்கள் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலத்துக்கே உரியவை. தெற்கு மெக்சிகோவில் தொடங்கி, மத்திய அமெரிக்கா, அமேசான் படுகை, பிரேசிலின் அட்லாண்டிக் கடலோரக் காடுகள் வழியாக அர்ஜென்டினாவின் வடபகுதி வரை ஏறத்தாழ 55 இனங்கள் பரவியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஈரம் நிறைந்த காட்டின் கீழ்த்தட்டில், நிழலிலேயே வாழ்கின்றன. பல இனங்களில் ஆண்கள் கன்னங்கரிய உடலில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று ஏதேனும் ஒரு நிறத்தைத் தலையிலோ முதுகிலோ தொடையிலோ ஏந்தியிருக்கும். பெண்களோ இலைகளுக்கு நடுவே இருப்பதே தெரியாத மங்கிய பச்சை.

இவற்றைப் பாடும் பறவைகள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்றாலும், கறாராகப் பார்த்தால் அறிவியல் வகைப்பாட்டில் இவை அந்தப் பிரிவில் சேரமாட்டா. கிளைகளைப் பற்றி அமரும் பறவைகளின் பெருவரிசையில், மூத்தவற்றின் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் இனங்கள் ஒரு கிளை. குரலைப் பிறவியிலேயே கொண்டு வருவதாகக் கருதப்படும் இனங்கள் மற்றொரு கிளை. மனாக்கின்கள் இரண்டாவது கிளையைச் சேர்ந்தவை. இவற்றில் பலவும் தொண்டையால் எழுப்ப முடியாத ஒலிகளைச் சிறகால் எழுப்பக் கற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகம் மட்டுமே.

பழத்துக்கு வருவோம். மனாக்கினின் அலகு குட்டையானது. வாய் மட்டும் அகலமாகத் திறக்கும். கிளையில் அமர்ந்தபடி கனிந்த பழம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, சட்டென்று பறந்து சென்று, அந்தரத்தில் நின்றவாறே அதைப் பறித்து, திரும்பி வந்து முழுதாக விழுங்கிவிடும். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த சைக்கோட்ரியா, நம் இலக்கியங்களில் வரும் காயாம்பூவின் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கோனியா ஆகிய புதர்களின் சிறு பழங்கள் இவற்றுக்கு முக்கிய உணவு. அந்தப் பழங்களில் நீரும் சர்க்கரையும் மிகுதி, புரதம் குறைவு. ஆகவே நிறையத் தின்ன வேண்டும். தின்றதை விரைவில் வெளியேற்றவும் வேண்டும். விழுங்கிய விதை அரை மணி நேரத்துக்குள்ளாகவே பறவையின் உடலை விட்டு வெளியே வந்துவிடுகிறது. இடையிடையே பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்று புரதக் குறையை நிரப்பிக்கொள்கின்றன.

பழத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் டேவிட் ஸ்னோ என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர். 1957 முதல் 1961 வரை டிரினிடாட் தீவின் அரிமா பள்ளத்தாக்கில், நியூயார்க் விலங்கியல் கழகத்தின் கள ஆய்வு நிலையத்தில் தங்கியிருந்து, அங்குள்ள வெண்தாடி மனாக்கினையும் பொன்தலை மனாக்கினையும் ஆண்டு முழுவதும் கவனித்தார். அவருடைய வாதம் எளிமையானது. பூச்சி தப்பி ஓடும், ஒளிந்துகொள்ளும், தன்னைத் தின்ன வருவதை ஏமாற்ற வழி தேடும். பழமோ தின்னப்படுவதற்காகவே நிறம் காட்டி நிற்கிறது. மைக்கோனியாவின் வெவ்வேறு இனங்கள் ஒரே பருவத்தில் காய்த்துக் குவிந்துவிடாமல், மாதத்துக்கு ஒன்று என்பது போல முன்னும் பின்னுமாகப் பழுப்பதையும் அவர் அதே பள்ளத்தாக்கில் பதிவு செய்திருக்கிறார். இப்படி ஆண்டு முழுவதும் எளிதாகக் கிடைக்கும் உணவைக் கொண்டு, இரண்டே குஞ்சுகளைத் தாய்ப்பறவை தனியாகவே வளர்த்துவிட முடியும். பாம்புகளும் பிற வேட்டை விலங்குகளும் நிறைந்த காட்டில், கூட்டுக்கு இரண்டு பறவைகள் மாறி மாறி வந்து போவதைக் காட்டிலும் ஒன்று மட்டும் வந்து போவது கண்ணில் படுவதையும் குறைக்கும். ஆக, ஆணுக்குக் கூட்டில் வேலை இல்லை. வயிற்றை நிரப்ப நாளில் சிறிது நேரம் போதும். மிச்ச நேரம் முழுவதையும் அது ஆடுகளத்தில் கழிக்கிறது.

அந்த ஆடுகளத்தைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். வெண்தாடி மனாக்கினின் ஆண், மெலிந்த இளஞ்செடிகள் சில நிமிர்ந்து நிற்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்துகொள்கிறது. அவற்றுக்கு இடையில் தரையில் கிடக்கும் சருகு, சுள்ளி, உதிர்ந்த காம்பு எல்லாவற்றையும் அலகால் கவ்வி எடுத்து அப்பால் போட்டு, வெறும் மண் தெரியும்படி ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்கிறது. மேலிருந்து ஓயாமல் இலை உதிரும் காட்டில் இந்தத் துப்புரவு ஒரு நாளோடு முடிவதில்லை. ஆட்டம் தொடங்கும்போது தொண்டையிலுள்ள வெண்ணிற இறகுகள் தாடி போல முன்னோக்கிப் புடைத்து நிற்க, பறவை ஒரு செடியின் தண்டிலிருந்து எதிர்த் தண்டுக்குத் தாவுகிறது. தாவும்போது பட்டாசு வெடித்தாற்போல ஒரு சொடுக்கொலி கேட்கிறது. தாவி அமர்ந்த கணத்திலேயே உடல் திரும்பிவிடுகிறது, மீண்டும் தாவல், மீண்டும் சொடுக்கு. பெண் ஒன்று வந்து இறங்கினால் அதுவும் சேர்ந்து தாவத் தொடங்கும். வெறுந்தரைக்கு மேலே இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து கடந்து போகும். பெண்ணுக்குப் பிடித்துவிட்டால் குறிப்பிட்ட ஒரு தண்டில் நின்றுவிடுகிறது. ஆண் அதே தண்டின் மேற்பகுதியில் வந்து பற்றி, சரிந்து இறங்கி அதனோடு இணைகிறது. அத்தோடு உறவு முடிந்தது. பெண் தனியே கூட்டுக்குப் போய்விடும்.

பக்கத்துப் பக்கத்தில் இப்படிப் பல ஆண்கள் ஆளுக்கொரு களம் வைத்திருக்கின்றன. பெண் ஒவ்வொன்றாகச் சென்று பார்த்துத் தேர்கிறது. இந்தத் தேர்வில் இரக்கம் கிடையாது. டிரினிடாட்டில் ஆலன் லில் என்ற ஆய்வாளர் கவனித்த, பத்து ஆண்கள் கொண்ட ஒரு கூட்டத்தில், நடந்த இணைசேர்க்கைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே ஓர் ஆணுக்குச் சென்றது. மற்றவை சருகு பொறுக்கியதுதான் மிச்சம்.

வெண்தாடியின் நெருங்கிய உறவான பொற்கழுத்து மனாக்கினைப் பனாமாவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். முதுகுக்கு மேலே இரு சிறகுகளும் ஒன்றோடொன்று மோதுவதால்தான் அந்தச் சொடுக்கொலி பிறக்கிறது என்பது மிகுவேகக் காமிராக்கள் வந்த பிறகு உறுதியாயிற்று. சிறகைப் பின்னிழுக்கும் தோள் தசைகளில் ஒன்று, வினாடிக்கு 100 முறைக்கு மேல் சுருங்கி விரியக்கூடியது. முதுகெலும்புள்ள உயிரினங்களின் கைகால் தசைகளில் இதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிக விரைவானவற்றில் இதுவும் ஒன்று. ஆடும்போது இதயம் நிமிடத்துக்கு 1,300 முறை வரை துடிக்கிறது. இதையெல்லாம் விட எனக்கு வியப்பளித்தது பெண்ணின் கண். சில அசைவுகளை மற்ற ஆண்களை விட ஒரு வினாடியின் நூறில் சில பங்கு விரைவாகச் செய்து முடிக்கும் ஆண்களையே பெண்கள் விரும்புவதாக ஆய்வில் தெரிந்தது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அந்த வேறுபாடு அவற்றுக்குப் புலப்படுகிறது.

இங்கேதான் பழம் தந்த விடை போதாமல் போகிறது. பழம் தின்னும் பறவைகள் எல்லாமே இப்படி ஆடுவதில்லை. அதே காடுகளில் அதே புதர்களில் பழம் பறிக்கும் டானேஜர் பறவைகளில் பெரும்பாலானவை இணையாக வாழ்கின்றன. ஆணும் குஞ்சுகளுக்கு உணவு கொண்டுவருகிறது. ஓய்வு கிடைத்தது எப்படி என்பதைப் பழம் விளக்குகிறது. அந்த ஓய்வை இந்த விதமாகச் செலவிடும்படி ஆக்கியது எது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. பின்னோக்கி வழுக்குவது ஏன், தாடியைப் புடைப்பது ஏன், சொடுக்குவது ஏன் என்று கேட்டால் பெண்ணின் விருப்பத்தைத்தான் சுட்ட வேண்டியிருக்கிறது. சார்லஸ் டார்வின் 1871இல் இதைத்தான் சொன்னார்: பெண்ணின் ரசனைக்கே உயிரினங்களை மாற்றும் ஆற்றல் உண்டு என்றார். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு இன்றும் முடியவில்லை. ஆணின் ஆட்டம் அதன் உடல்நலத்துக்கும் மரபணுவின் தரத்துக்கும் சான்று என்பார் ஒருபுறம். விருப்பமும் அழகும் ஒன்றையொன்று தூண்டி வளர்ந்துகொண்டே போகும், அதற்கு வேறு பயன் எதுவும் தேவையில்லை என்பார் மறுபுறம். யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரம் இரண்டாவது தரப்பின் முதன்மைக் குரல். 1980களில் சுரினாமின் காடுகளில் மனாக்கின்களைப் பார்த்துத் தொடங்கியவர் அவர்.

டார்வின் தம் நூலில் இறகுகளின் படத்தோடு எடுத்துக்காட்டிய இனங்களுள் ஒன்று, கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் ஆண்டிஸ் மலைகளின் மேற்குச் சரிவில் உள்ள ஈரக்காடுகளில் வாழும் தடிச்சிறகு மனாக்கின். 1860இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் இதை விவரித்தபோதே, ஆணின் சிறகில் சில இறகுகளின் தண்டுகள் தடித்து உருமாறியிருப்பதைக் குறித்திருந்தார். அவை எதற்கு என்பது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2005இல்தான் தெளிவாயிற்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிம்பர்லி பாஸ்ட்விக், பிரம்முடன் இணைந்து அந்த விளக்கத்தை வெளியிட்டார்.

அந்தப் பறவை எழுப்பும் ஒலி, இரண்டு குட்டையான தட்டல்களும் அவற்றைத் தொடர்ந்து வயலின் கம்பியை ஒரு முறை இழுத்தாற்போன்ற நீண்ட, தூய ஸ்வரமும் கொண்டது. முதலில் கேட்பவர்கள் அது குரல் அல்ல என்று நம்பமாட்டார்கள். உடலை முன்னே சாய்த்து, சிறகுகளை முதுகுக்கு மேலே உயர்த்தி, அந்த ஸ்வரம் ஒலிக்கும் நேரம் முழுவதும் பறவை அவற்றை ஒன்றோடொன்று மோதுகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 107 மோதல்கள், பெரும்பாலான ஓசனிச்சிட்டுகளின் சிறகடிப்பை விடவும் விரைவு. சிறகின் உட்புற இறகு வரிசையில் ஆறாவது இறகின் தண்டு உருண்டு தடித்திருக்கிறது. அதன் மேல் ஏழு சிறு மேடுகள். பக்கத்திலுள்ள ஐந்தாவது இறகின் தண்டு நுனியில் வளைந்து விறைப்பாக நிற்கிறது. ஒவ்வொரு மோதலின்போதும் இந்த வளைந்த நுனி அந்த ஏழு மேடுகளின் மேல் ஒரு முறை போய், ஒரு முறை திரும்புகிறது. சீப்பின் பற்கள் மேல் நகத்தை ஓட்டுவது போல. ஏழு மேடு, போக வர இரண்டு முறை, வினாடிக்கு 107 மோதல் என்று பெருக்கிப் பார்த்தால் 1,500க்கு மிக அருகில் வருகிறது. காட்டில் கேட்கும் அந்த ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் வினாடிக்கு ஏறத்தாழ 1,500தான். சில்வண்டு செய்வதை ஒரு பறவை செய்கிறது. முதுகெலும்புள்ள ஓர் உயிரினம் ஒலியெழுப்ப இந்த முறையைக் கையாள்வது மிக அரிது. கணக்கு இவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் இடங்கள் உயிரியலில் அதிகம் கிடைப்பதில்லை என்பதால் இந்தப் பெருக்கலை நான் அடிக்கடி நண்பர்களிடம் போட்டுக் காட்டுவேன்.

பாஸ்ட்விக் அதோடு நிறுத்தவில்லை. இறகுகள் இத்தனை விசையோடு அதிர்வதை, அவை பொருந்தியிருக்கும் சிறகெலும்பு எப்படித் தாங்குகிறது என்று பார்த்தார். பறப்பதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் பறவைகளின் சிறகெலும்புகள் பொதுவாக உள்ளீடற்றவை. தடிச்சிறகு மனாக்கினின் முன்கை எலும்போ, தன் உறவினங்களில் இருப்பதை விட மிகப் பருத்தும், உள்ளே திண்மையாகவும் இருந்தது. பறக்கும் உயிரினத்துக்கு இது நட்டம். பிரம் இன்னும் ஒரு செய்தியைச் சேர்த்தார்: இந்த எலும்பு மாற்றத்தின் சாயல் பெண்ணிடமும் காணப்படுகிறது. பெண் ஒருபோதும் சிறகால் பாடுவதில்லை. ஆண் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக விரும்பித் தேர்ந்ததன் விளைவை அதுவும் தன் எலும்பில் சுமக்கிறது. நல்ல மரபணுவுக்குச் சான்று என்ற விளக்கத்தை இந்த எலும்போடு பொருத்த நான் பலவாறு முயன்றிருக்கிறேன், ஒட்டவில்லை. இந்த ஓர் இனத்தைப் பொறுத்தவரையிலாவது நான் பிரம்மின் பக்கம்.

பெண்ணின் தேர்வு ஆணின் உடலை மட்டும் மாற்றுவதில்லை, ஆண்களுக்கு இடையிலான உறவையும் மாற்றிவிடுகிறது என்பதற்கு நீள்வால் மனாக்கின் சான்று. கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டே பகுதியில் 1980களின் தொடக்கத்திலிருந்து டேவிட் மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர் இவற்றுக்குக் கால் வளையம் இட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார். இங்கே ஆண்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுகின்றன. உயரமான கிளையில் அமர்ந்து, "தொ-லே-தோ" என்று ஒலிக்கும் ஓர் அழைப்பை இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே சுதியில் பாடிப் பெண்ணை வரவழைக்கின்றன. இரு குரல்களும் எவ்வளவு ஒத்திசைகின்றனவோ அந்த அளவுக்குப் பெண்கள் கூடுதலாக வருகின்றன. வந்த பெண்ணின் முன் ஒன்று மேலெழும்பிப் பின்னே தாவ, மற்றொன்று அதன் அடியில் நகர்ந்து அந்த இடத்துக்கு வர, சக்கரம் போல மாறி மாறி ஆட்டம் சுழல்கிறது. கடைசியில் மூத்தது ஒரு கூரிய ஒலியை எழுப்பினால் இளையது அங்கிருந்து விலகிப் போய்விட வேண்டும். இணைசேர்வது ஏறக்குறைய எப்போதும் மூத்தது மட்டும்தான்.

இளையது ஏன் இந்த ஊதியமில்லா வேலையைச் செய்கிறது? உடன்பிறப்புக்கு உதவுகிறது என்றால் எளிதாகப் புரியும். ஆனால் 1994இல் வெளியான மரபணுச் சோதனையில் இருவருக்கும் உறவு இல்லை என்று தெரிந்தது. மூத்தது இறந்தால் அந்தக் களமும், அங்கே வந்து பழகிய பெண்களும் இளையதற்குக் கிடைக்கும் என்பதே விடை. காத்திருப்பு மிக நீண்டது. முழுமையான ஆண் நிறம் வருவதற்கே நான்கைந்து ஆண்டுகள் ஆகும்; களத்தின் மூத்தவனாக ஆவதற்குள் பத்து வயதை நெருங்கிவிடும். வெப்பமண்டலத்தின் சிறு பறவைகள் நெடுங்காலம் வாழக்கூடியவை என்பதால்தான் இப்படியொரு பொறுமை கைகொடுக்கிறது. பெரும்பாலானவை அந்தப் பதவியை எட்டாமலேயே இறந்துபோகின்றன.

ஆண்களின் கதையே இத்தனை இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. எழுதப்பட்ட ஆய்வுகளிலும் இதே சாய்வு உண்டு. ஆடுகளம் தெரிந்த இடத்தில் இருக்கிறது, கூடு தெரியாத இடத்தில் இருக்கிறது என்பது இதற்கு ஒரு காரணம். பெண் கிளைக்கவையில் சிலந்தி இழையால் கட்டித் தொங்கவிடும் சிறு கிண்ணம் போன்ற கூட்டில், பல இடங்களில் ஓடைக்கு அருகிலோ நேர் மேலேயோ, இரண்டு முட்டைகள் இடுகிறது. அடைகாப்பது, பழத்தையும் பூச்சியையும் கொண்டுவந்து ஊட்டுவது, பாம்புக்குக் கூட்டைப் பறிகொடுத்தால் மறுபடி கட்டுவது எல்லாம் அதன் தலையில்தான். பழத்தினால் ஓய்வு கிடைத்தது என்று ஸ்னோ சொன்னது ஆணுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை ஆய்வுகளைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

காட்டுக்கு இப்பறவைகளால் ஆகும் நன்மை, விதை பரவுவது. தின்ற பழத்தின் விதைகளில் நிறையவற்றை ஆண்கள் ஆடுகளத்தைச் சுற்றியே எச்சமிடுகின்றன. பெண்கள் அவற்றைப் பரவலாகக் கொண்டு சேர்க்கின்றன.

காடு போனால் என்ன ஆகும் என்பதற்கு அராரிப்பி மனாக்கின் ஒன்று போதும். வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட முட்புதர் நிலத்துக்கு நடுவே சியாரா மாநிலத்தில் அராரிப்பி என்ற பீடபூமி எழுகிறது. அதன் மேலே பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கிச் சரிவில் ஊற்றுகளாகக் கசிவதால், அந்தச் சரிவில் மட்டும் ஓர் ஈரக்காடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளை உடலும் கரிய சிறகும், நெற்றிக் கொண்டையிலிருந்து முதுகின் நடுவரை ஓடும் சிவப்பும் கொண்ட இந்தப் பறவை அங்கே அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. அறிவியல் உலகில் இதை ஒரு தனி இனமாக விவரித்ததே 1998இல்தான். அங்குள்ளவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். ஓடைகளின் அருகே காணப்படுவதால் காட்டு வண்ணாத்தி என்று பொருள்படும் பெயர் ஒன்றும் அவர்களிடம் உண்டு. எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 800 பறவைகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இது இருக்கிறது. மரம் வெட்டுவது ஒரு காரணம். அதை விடக் கண்ணுக்குத் தெரியாத காரணம், ஊற்று நீரைப் பாசனத்துக்கும் நீர் விளையாட்டுப் பூங்காவுக்கும் குழாய்களில் திருப்பிக்கொண்டு போவது. மரங்களை விட்டுவைத்து நீரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஓடைக்கு மேல் தொங்கும் கிளையைத் தேடிக் கூடு கட்டும் பெண்ணுக்கு இடம் இல்லாமல் போகிறது. அக்வாசிஸ் என்ற பிரேசில் அமைப்பு அங்கே ஊற்றுகளைக் காப்பதிலும், சரிவில் அந்தக் காட்டுக்கே உரிய மரங்களை மீண்டும் நடுவதிலும் ஈடுபட்டிருக்கிறது.